திறந்த எல்லை மூடியபோது...: இந்திய - நேபாள பயண விதிகள் விட்டுச் சென்ற கேள்விகள்

புது தில்லி: உத்தரகண்ட் மாநிலம், பிதௌராகட் மாவட்டத்தில் ஓடும் காளி ஆற்றின் இரு கரைகளிலும் ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. இக்கரையில் இந்தியாவின் தார்சூலா. அக்கரையில் நேபாளத்தின் தார்ச்சுலா. நேபாளத்தவர் அந்த ஆற்றை மகாகாளி என்று அழைக்கின்றனர். இரண்டு ஊர்களையும் இணைப்பது ஒரு தொங்கு பாலம். சந்தைக்கும் மருத்துவமனைக்கும் சம்பந்தி வீட்டுக்கும் மக்கள் நடந்தே சென்று வந்த பாலம் அது.

கடந்த 2020-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் அந்தப் பாலம் மூடப்பட்டது. கரோனா பொது முடக்கத்தால் வேலையிழந்து, சொந்த ஊர் திரும்ப முயன்ற நேபாளத் தொழிலாளர்கள் பாலத்தின் இந்தியப் பகுதியில் நூற்றுக்கணக்கில் திரண்டனர். சொந்த நாடு கண்ணுக்கு எதிரே இருந்தும் அவர்களால் உள்ளே செல்ல முடியவில்லை. பொறுமையிழந்த சிலர், குளிர்ந்த நீர் வேகமாக ஓடும் ஆற்றில் குதித்து நீந்திக் கரையேறினர். கரையேறியவர்களை நேபாள போலீஸார் பிடித்தனர்.

அந்தக் காட்சி நடந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. பாலமும் எல்லையும் மீண்டும் திறக்கப்பட்டுவிட்டன. ஆனால், மற்றொரு பெருந்தொற்று வந்தால் அதே பாலத்தில் அதே காட்சி மீண்டும் அரங்கேறாது என்று உறுதி கூறும் ஏற்பாடு ஏதேனும் உள்ளதா என்ற கேள்விக்கு தில்லியிலும் காத்மாண்டுவிலும் தெளிவான விடை இல்லை.

70 ஆண்டு வழக்கம்: இந்தியாவும் நேபாளமும் 1950-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி அமைதி, நட்புறவு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன் 7-ஆவது பிரிவின்படி, ஒரு நாட்டின் குடிமக்கள் மற்றொரு நாட்டில் வசிக்கவும், சொத்து வைத்திருக்கவும், வணிகம் செய்யவும், சென்று வரவும் உரிமை பெற்றனர். உத்தரகண்ட், உத்தரப் பிரதேசம், பிகார், மேற்கு வங்கம், சிக்கிம் ஆகிய ஐந்து மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் 1,751 கி.மீ. நீள எல்லையைக் கடக்க நுழைவு இசைவு (விசா) தேவையில்லை. எஸ்.எஸ்.பி. படையினர் காவல் இருந்தாலும், முள்வேலி கிடையாது. வயல் வரப்புகளும் ஒற்றையடிப் பாதைகளுமே பல இடங்களில் எல்லை.

இரு நாட்டு உறவை 'ரொட்டியும் பெண்ணும் கொடுத்து வாங்கும் உறவு' என்று வட இந்தியாவில் கூறுவது வழக்கம். பிகாரின் சீதாமடியில் இருந்து நேபாளத்தின் ஜனக்பூருக்குப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் தொடர்கிறது. நேபாளத்தின் மலைக் கிராமங்களில் இருந்து பல லட்சம் பேர் தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களில் காவலாளிகளாகவும் உணவக ஊழியர்களாகவும் பணியாற்றுகின்றனர்.

ஆனால், 10 பிரிவுகளைக் கொண்ட 1950 உடன்படிக்கையில், தொற்றுநோய்க் காலத்தில் என்ன செய்வது என்பது குறித்து ஒரு சொல்கூட இல்லை.

அடுத்தடுத்து பூட்டு: 2020 மார்ச் 15-ஆம் தேதி 'சார்க்' நாடுகளின் தலைவர்கள் காணொலி வழியாகக் கூடிப் பேசினர். அவசரகால நிதியம் ஒன்றை அமைக்கலாம் என்று யோசனை கூறிய பிரதமர் நரேந்திர மோடி, இந்தியாவின் பங்காக 1 கோடி டாலர் அளிப்பதாக அறிவித்தார். அதே நாள் நள்ளிரவு முதல் அண்டை நாடுகளுடனான பெரும்பாலான தரைவழிச் சாவடிகளில் பயணிகள் போக்குவரத்தை இந்தியா நிறுத்தியது. ஒரு வாரத்துக்குப் பின் நேபாளமும் எல்லையை மூடியது. மார்ச் 24-இல் நேபாளத்திலும், 25-இல் இந்தியாவிலும் பொது முடக்கம் அமலுக்கு வந்தது.

பொருள்களுக்கு மட்டும் வழி திறந்திருந்தது. ரக்சால் - வீர்கஞ்ச் வழியாக சரக்கு லாரிகள் சென்றன. இந்தியாவின் மோதிஹாரியில் இருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 2019-இல் தொடங்கப்பட்ட குழாயில் எரிபொருள் சென்றது. மனிதர்கள் செல்ல மட்டுமே தடை. இரு அரசுகளும் தத்தம் மண்ணில் சிக்கிய மற்ற நாட்டவருக்கு உணவும் இருப்பிடமும் அளிக்க முன்வந்தன. எனினும், எல்லை கடந்து சென்றவர்களுக்கு நேபாளத்தில் பள்ளிக் கட்டடங்களே தனிமைப்படுத்தும் முகாம்களாயின. போதிய கழிப்பறையும் படுக்கையும் இல்லாமல் அவர்கள் அவதியுற்றனர்.

இந்திய அரசிடம் ஓய்வூதியம் பெறும் நேபாள முதியவர்கள் மற்றொரு சிக்கலைச் சந்தித்தனர். அவர்களின் வங்கிக் கணக்கு இக்கரையில் இருந்தது. அவர்களுக்காக தார்சூலா பாலம் குறிப்பிட்ட நாள்களில் சில மணி நேரம் மட்டும் திறக்கப்பட்டது. இரு தரப்பு அதிகாரிகளும் கலந்து பேசினால் விதியைத் தளர்த்த முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால், அந்தத் தளர்வு ஒவ்வொரு முறையும் மாவட்ட அளவில் கோரிப் பெற வேண்டியதாகவே இருந்தது.

அரசியலும் சேர்ந்தது: எல்லை மூடியிருந்த நேரத்தில் வரைபடப் பிரச்னையும் வெடித்தது. 2020 மே 8-ஆம் தேதி தார்சூலாவில் இருந்து லிபுலேக் செல்லும் சாலையைப் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் திறந்து வைத்தார். லிபுலேக், காலாபானி, லிம்பியாதுரா ஆகிய பகுதிகளைத் தனதாகக் காட்டும் புதிய வரைபடத்தை அதே மாதம் நேபாளம் வெளியிட்டது. ஜூனில் அந்நாட்டு நாடாளுமன்றம் அதற்காக அரசமைப்புச் சட்டத்தையும் திருத்தியது.

அந்தச் சூழலில், ஜூன் 12-ஆம் தேதி பிகாரின் சீதாமடி மாவட்ட எல்லையில் நேபாள ஆயுதக் காவல் படையினர் நடத்திய துப்பாக்கிச்சூட்டில் இந்தியர் ஒருவர் உயிரிழந்தார், இருவர் காயமடைந்தனர். பொது முடக்க விதியை மீறி எல்லை கடந்தது தொடர்பான தகராறே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அதற்கு முன்பு வரை அன்றாடம் உறவினர்கள் சந்தித்துப் பேசிய இடத்தில், சுகாதார விதி ஒன்று உயிர்ப் பலியில் முடிந்தது.

பக்கத்து ஊருக்கு விமானம்: 2020 டிசம்பரில் இரு நாடுகளும் 'ஏர் பபிள்' என்னும் சிறப்பு ஏற்பாட்டின்படி தில்லி - காத்மாண்டு விமான சேவையைத் தொடங்கின. ஆனால், தரை எல்லையில் நேபாளம் அப்போதும் தடையை நீக்கவில்லை. நடந்தோ பேருந்திலோ சில மணி நேரத்தில் ஜனக்பூரை அடைந்துவிடக் கூடிய சீதாமடிவாசி, முறைப்படி அங்கு செல்ல வேண்டுமானால் தில்லிக்கு வந்து விமானம் ஏற வேண்டிய நிலை. பணம் உள்ளவருக்கு வழி இருந்தது. இல்லாதவர் காத்திருந்தார் அல்லது வயல் வழியே இரவில் கடந்தார்.

விதிகளும் நாளுக்கு நாள் மாறின. பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.-பி.சி.ஆர். சான்று, நேபாளத்தின் கரோனா நெருக்கடி மேலாண்மை மையத்தின் இணையவழிப் படிவம், திரும்பி வருவோருக்கு இந்தியாவின் 'ஏர் சுவிதா' படிவம் எனப் பட்டியல் நீண்டது. விமானத்தில் செல்ல கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். 15 வயதுக்கு உள்பட்டோரும் 65 வயதைக் கடந்தோரும் மட்டுமே ஆதாரைக் காட்டலாம். ஊரில் எல்லாவற்றுக்கும் ஆதாரையே காட்டிப் பழகியவர்களுக்கு இந்த விதி பெரும் குழப்பத்தை ஏற்படுத்தியது.

சிக்கிய வளைகுடா பயணிகள்: 2021 தொடக்கத்தில் எல்லைச் சாவடிகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. அப்போது எதிர்பாராத மற்றொரு பயணப் பாதை உருவானது. இந்தியாவில் இருந்து நேரடியாக வருவோருக்கு சவூதி அரேபியா தடை விதித்திருந்தது. வேறொரு நாட்டில் 14 நாள்கள் தங்கியவர்களை மட்டும் அனுமதித்தது. விசா தேவையில்லாத நேபாளம் அதற்கு ஏற்ற இடமாயிற்று. கேரளம் உள்ளிட்ட மாநிலங்களைச் சேர்ந்த வளைகுடா தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் காத்மாண்டு விடுதிகளில் தங்கினர்.

நேபாளத்தில் இருந்து மூன்றாவது நாட்டுக்குச் செல்லும் இந்தியர்கள், காத்மாண்டு இந்தியத் தூதரகத்தில் தடையில்லாச் சான்றிதழ் பெற வேண்டும் என்பது விதி. தூதரக வாயிலில் வரிசை நீண்டதால், 2021 ஏப்ரலில் அந்த விதிக்கு இந்திய அரசு தாற்காலிக விலக்கு அளித்தது. ஆனால், நிம்மதி நீடிக்கவில்லை. இரண்டாவது அலை பரவியதால், நேபாளம் வழியாக வெளிநாட்டினர் வேறு நாடுகளுக்குச் செல்ல ஏப்ரல் 28 நள்ளிரவு முதல் தடை என்று அந்நாட்டு குடியேற்றத் துறை அறிவித்தது. கடன் வாங்கிப் பயணச்சீட்டும் விடுதிக் கட்டணமும் செலுத்தியவர்கள், 14 நாள்கள் நிறைவடையும் முன்பே நடுவழியில் நின்றனர். மே முதல் வாரத்தில் சர்வதேச விமான சேவையையும் நேபாளம் நிறுத்தியது. தில்லிக்கான சில சேவைகள் மட்டும் தொடர்ந்தன. எல்லைச் சாவடிகளிலும் 22 மீண்டும் மூடப்பட்டன.

பூடானுடன் ஒப்பிட்டால் நேபாளம் விரைவில் திறந்தது என்றே கூற வேண்டும். வருவோரை 21 நாள்கள் வரை தனிமையில் வைத்த பூடான், எல்லை வாயில்களைத் திறக்க 2022 செப்டம்பர் 23 வரை எடுத்துக் கொண்டது. இந்தியாவின் 'ஏர் சுவிதா' படிவம் அதே ஆண்டு நவம்பரில் கைவிடப்பட்டது.

அவையில் ஒலிக்காத கேள்வி: எல்லையோர மக்களின் துயரம் நாடாளுமன்றத்தில் போதுமான அளவு எதிரொலிக்கவில்லை. 2020 மார்ச் 23-ஆம் தேதி இரு அவைகளும் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டன. செப்டம்பரில் கூடிய மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் இல்லை. எழுத்துபூர்வ பதில்கள் மட்டுமே கிடைத்தன. குளிர்காலக் கூட்டத்தொடர் நடத்தப்படவே இல்லை. பயண விதிகள் அனைத்தும் அரசாணைகளாகவும் சுற்றறிக்கைகளாகவுமே வந்தன.

அவற்றுக்கு அடிப்படையான சட்டங்களில் ஒன்று, ஆங்கிலேயர் காலத்து 1897-ஆம் ஆண்டு தொற்றுநோய்கள் சட்டம். துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களைச் சோதிக்க மட்டுமே அது மத்திய அரசுக்கு அதிகாரம் அளித்திருந்தது. பேருந்து, ரயில், விமானம், தரைவழிச் சாவடி ஆகியவை 2020-ஆம் ஆண்டு திருத்தத்தில்தான் சேர்க்கப்பட்டன. அப்போதும், நடந்து கடக்கும் மனிதனைப் பற்றி அது பேசவில்லை. இச்சட்டம் போதுமானதல்ல என்றும், அதை விரிவாகத் திருத்த வேண்டும் அல்லது புதிய சட்டம் இயற்ற வேண்டும் என்றும் 22-ஆவது சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் அளித்த 286-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது.

2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியேற்றம் - வெளிநாட்டினர் சட்டம் அந்த ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. பழைய நான்கு சட்டங்களுக்கு மாற்றாக வந்த இச்சட்டத்தில், வெளிநாட்டினருக்கு அனுமதி மறுக்கப் பொது சுகாதாரமும் ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அதே நாளில் வெளியான ஆணை, நேபாள, பூடான் குடிமக்களுக்குக் கடவுச்சீட்டு, விசா விலக்கைத் தொடர்ந்தது. ஆக, திறந்த எல்லையும் நீடிக்கிறது. அதை மூடும் அதிகாரமும் நீடிக்கிறது. மூடும்போது யாருக்கு வழிவிடுவது என்பதுதான் எழுதப்படவில்லை.

செய்ய வேண்டியது என்ன?: உலக சுகாதார அமைப்பின் 2005-ஆம் ஆண்டு சர்வதேச சுகாதார விதிமுறைகளின் 21-ஆவது பிரிவு, பொது எல்லை கொண்ட நாடுகள் தரைவழிச் சாவடிகளில் நோய்த் தடுப்புக்காக இருதரப்பு ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம் என்கிறது. முள்வேலியற்ற எல்லையைக் கொண்ட இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இதைவிடப் பொருத்தமான பிரிவு வேறில்லை. சொந்த நாடு திரும்புவோரை எந்தச் சாவடியில் ஏற்பது, எங்கு பரிசோதிப்பது, முகாமின் செலவு யாருடையது, நோயாளிக்கும் ஓய்வூதியருக்கும் எப்படி வழிவிடுவது, விதியை மாற்றும் முன் எத்தனை நாள் அவகாசம் தருவது ஆகியவற்றை முன்கூட்டியே எழுதி வைக்க முடியும்.

1950 உடன்படிக்கை உள்பட இருதரப்பு உறவை ஆராய அமைக்கப்பட்ட முக்கியப் பிரமுகர்கள் குழு, தனது அறிக்கையை 2018-இல் முடித்தது. அதைப் பிரதமர்கள் பெற்றுக் கொள்ளாமலேயே ஆண்டுகள் உருண்டோடின. உடன்படிக்கையைத் திருத்துவது அரசியல் சிக்கல் நிறைந்ததாக இருக்கலாம். சுகாதார ஏற்பாட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதற்கு வரைபடமும் தேவையில்லை. ஓய்வூதியருக்காக மாவட்ட அதிகாரிகள் பேசித் திறந்த அந்தத் தொங்கு பாலத்தை, ஊர் திரும்பும் தொழிலாளிக்காகவும் திறக்க இரு தலைநகரங்களும் இப்போதே பேச வேண்டும் என்பதே எல்லையோர மக்களின் எதிர்பார்ப்பு.