உண்டியலை நீட்டினால் உடனே போட வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூர் தேக்காவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. மளிகைக் கடையில் கூட்டம், ஊருக்குக் காசு அனுப்பும் கடையில் வரிசை, சாப்பாட்டுக் கடையில் இடம் பிடிக்கப் போட்டி. கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தமிழர்கள் வாரம் ஒரு நாள் மூச்சு விடுகிற இடம் அது. ஜொகூர் தோட்டங்களிலிருந்து பாலம் தாண்டிப் போய்ப் பிழைக்கிற நம் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

அப்படிப்பட்ட ஒரு தம்பி நம்மைப் பார்க்க வந்திருந்தார். லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அம்மா பால்மரம் வெட்டிப் படிக்க வைத்த பிள்ளை. சம்பளம் எடுத்த கையோடு தேக்காவுக்குப் போயிருக்கிறார். இரண்டு பேர் வழி மறித்தார்கள். கழுத்தில் அட்டை, கையில் கோப்பு, கோப்புக்குள் ஆம்புலன்ஸ் படங்கள்.

"ஆம்புலன்சுக்கு நன்கொடைண்ணே. நாளைக்கு உங்களுக்கே ஒரு ஆபத்துன்னா யாருண்ணே வருவா?"

தம்பி ஐந்து வெள்ளியை எடுத்து நீட்டினார்.

"அஞ்சு வெள்ளியா? ஐம்பதுக்குக் கீழே ரசீது கிடையாதுண்ணே. உயிர் விசயம் பாருங்க."

சுற்றி நாலு பேர் பார்க்கிறார்கள். "மானம் போகுதேன்னு ஐம்பதைக் கொடுத்துட்டேங்க" என்றார் தம்பி. யாருக்குக் கொடுத்தாய், ரசீதில் என்ன பெயர் போட்டிருந்தது என்று கேட்டோம். "அதைப் பார்க்கலீங்களே!" என்றார். அந்த மாதம் அம்மாவின் கண் மருந்துக்கு அனுப்ப வேண்டிய காசில் ஐம்பது குறைந்தது. அதுதான் நமக்கு மிச்சமாகத் தெரிந்த கணக்கு.

தம்பி கடைசியாகக் கேட்ட கேள்விதான் நம்மை எழுத வைத்தது. "கொடுக்கலேன்னா, நமக்கு அடிபட்டா வண்டி வராதுங்களா?"

கேட்பது குற்றமல்ல

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். உயிர் காக்கும் பணிக்காக மக்களிடம் கை நீட்டுவது இழிவான காரியமல்ல. தெருவில் உண்டியல் குலுக்கும் வழக்கம் பரவியதே அப்படிப்பட்ட ஒரு பணியால்தான்.

1886ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் லங்காசயர் கடலோரத்தில் புயல். 'மெக்சிக்கோ' என்ற கப்பல் தத்தளித்தது. அதில் இருந்தவர்களைக் காப்பாற்றப் படகுகளில் போனவர்களில் 27 பேர் மாண்டார்கள். அவர்களுடைய பெண்டு பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள். அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாக 1891இல் மான்செஸ்டர் நகரில் 'உயிர்காப்புப் படகுச் சனிக்கிழமை' என்று ஒரு நாள் வைத்து, ஊர்வலம் நடத்தித் தெருத் தெருவாகக் காசு திரட்டினார்கள். பணக்காரன் வீட்டு வாசலில் மட்டும் நின்ற நன்கொடை, அன்று கூலிக்காரனின் சட்டைப் பையையும் நம்பி வந்தது. 1824இல் தொடங்கிய அந்தப் படகு நிறுவனம் இன்றும் பெரும்பாலும் மக்கள் கொடுக்கும் காசில்தான் நடக்கிறது.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டுத் தீயணைப்பு வீரர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அவர்களும் தெருவில் நின்று வசூலிப்பதுண்டு. மலேசியாவில் பல பட்டணங்களில் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்கள் ஊரார் ஆதரவில் நடக்கின்றன. சிங்கப்பூரிலும் செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற தொண்டு அமைப்புகள் உள்ளன. இவர்கள் கேட்டால், நம்மால் முடிந்ததைக் கொடுப்பது புண்ணியம்தான்.

ஆனால் கேட்பது வேறு. மிரட்டிக் கேட்பது வேறு. "நாளைக்கு உனக்கு ஆபத்து வந்தால்?" என்று ஒருவன் சொல்லும்போது அது நன்கொடையாக இல்லை, கப்பமாகிவிடுகிறது.

வண்டி வருமா, வராதா?

தம்பியின் கேள்விக்கு நேரான பதில்: வரும். காசு கொடுத்தவன், கொடுக்காதவன் என்று பார்த்து வருவதில்லை.

சிங்கப்பூரில் அவசர ஆம்புலன்சும் தீயணைப்பும் குடிமைத் தற்காப்புப் படையின் பொறுப்பு. அது அரசாங்கப் படை. வரிப் பணத்தில் நடப்பது. 1888இல் ஏற்பட்ட பழைய தீயணைப்புப் படை 1989இல் அதனோடு இணைந்தது. போலீசும் அப்படித்தான். தங்கள் வண்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் அவர்கள் தெருவில் உண்டியல் ஏந்துவதில்லை.

தேக்காவுக்குப் போகிறவர்கள் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் முனையைக் கடந்திருப்பீர்கள். 1986 மார்ச் 15ஆம் தேதி அங்கே 'ஹோட்டல் நியூ வோர்ல்ட்' கட்டடம் சீட்டுக்கட்டாகச் சரிந்தது. 33 பேர் இறந்தார்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து 17 பேரை உயிரோடு மீட்டார்கள். அப்போது எம்.ஆர்.டி. ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களும் உள்ளே ஊர்ந்து போய் உதவினார்கள். உள்ளே கிடந்தவர்களிடம் யாரும் ரசீது கேட்கவில்லை.

ஆகவே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 995. உண்மையான அவசரத்துக்கு அந்த வண்டிக்குக் காசு கிடையாது. அவசரமில்லாத சில்லறை நோய்க்கு அழைத்தால்தான் கட்டணம். அவசரமில்லாதபோது தனியார் வண்டிக்கு 1777. அதற்குக் காசு உண்டு. வேலையிடத்தில் அடிபட்டால் மருத்துவச் செலவு முதலாளியின் தலையில் விழுவது. அதற்குச் சட்டம் இருக்கிறது. வொர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி, 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. தெருவில் வாங்கிய ரசீது இதில் எதையும் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது.

தங்கக் குழாயின் பாடம்

"பெரிய நிறுவனம்தானே, கேட்டால் கொடுத்துவிடலாமே" என்பார்கள் சிலர். அதற்கும் சிங்கப்பூரிலேயே ஒரு பாடம் உண்டு.

தேசிய சிறுநீரக அறநிறுவனம் 1969இல் தொடங்கியது. ஏழை நோயாளிக்கு இரத்தச் சுத்திகரிப்புக் கொடுத்த நல்ல அமைப்பு. தொலைக்காட்சியில் பெரிய கலை நிகழ்ச்சி வைப்பார்கள். நடிகர்கள் உயிரைப் பணயம் வைத்துச் சாகசம் செய்வார்கள். நோயாளி கண்ணீர் விடுவார். பார்ப்பவர் நெஞ்சு கரைந்து தொலைபேசியைச் சுழற்றுவார். டாக்சி ஓட்டுபவரும் துப்புரவு வேலை செய்பவரும் மாதா மாதம் வங்கியிலிருந்து கழித்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள்.

2005 ஜூலையில் உண்மை வெளியே வந்தது. தலைமை நிர்வாகி டி. டி. துரை, தம் அலுவலகக் குளியலறையில் தங்க முலாம் பூசிய குழாய் பொருத்தப்பட்டது பற்றி எழுதிய பத்திரிகைமேல் மானநட்ட வழக்குப் போட்டார். வழக்கே அவருக்கு எதிராகத் திரும்பியது. ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் வெள்ளி வருமானம், விமானத்தில் முதல் வகுப்புப் பயணம் எல்லாம் நீதிமன்றத்தில் வெளிப்பட்டன. 26 கோடி வெள்ளிக்கு மேல் சேமிப்பு இருந்தும் காசு போதாதது போல மக்களிடம் கேட்டிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. இரண்டாம் நாளே வழக்கை மீட்டுக்கொண்டார். ஆயிரக்கணக்கானோர் மாதக் கழிவை நிறுத்தினார்கள். 2007இல் அவருக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. நிறுவனம் புதிய நிர்வாகத்தின் கீழ் இன்றும் நோயாளிகளுக்குச் சேவை செய்கிறது.

நோயாளியின் கண்ணீர் பொய்யல்ல. ஆனால் அந்தக் கண்ணீரைக் காட்டி வாங்கிய காசுக்குக் கணக்குக் கேட்க யாரும் துணியவில்லை. தப்பு வளர்ந்தது அந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் போலீஸ், தீயணைப்பு வீரர்கள், முன்னாள் இராணுவத்தினர் பெயரைச் சொல்லி ஏமாற்றியவர்கள்மேல் 2009இல் மத்திய, மாநில அதிகாரிகள் சேர்ந்து நடவடிக்கை எடுத்தார்கள். முன்னாள் இராணுவத்தினருக்காக வசூலித்த ஒரு கம்பெனியின் வழக்கு 2003இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஒவ்வொரு 100 காசிலும் 85 காசு வசூல் கம்பெனிக்கு. 15 காசுதான் அமைப்புக்கு! வசூலிப்பவருக்குக் கமிசன் என்றால் அவர் ஏன் ஐந்து வெள்ளிக்கு முகம் சுளிக்கிறார் என்பது விளங்குகிறதல்லவா?

சட்டம் நம் பக்கம்

வீடு வீடாகவும் தெருவிலும் வசூல் செய்வதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இன்றும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வசூலிப்பது குற்றம். சிங்கப்பூரில், வெளிநாட்டு அறப்பணிக்கென்று பொதுமக்களிடம் திரட்டுவதற்கு அறநிறுவன ஆணையரின் அனுமதியும் வேண்டும். அறநிறுவனம் வசூலுக்காகச் செய்யும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

ஆகவே யாராவது மறித்தால் நின்று, நிதானமாகக் கேளுங்கள்:

எந்த அமைப்பு? முழுப் பெயர் என்ன?

உரிம எண் எங்கே?

காசு எதற்குப் போகிறது?

நீங்கள் தொண்டரா, சம்பளம் அல்லது கமிசன் வாங்குகிறவரா?

நேர்மையானவர் இதற்குக் கோபப்பட மாட்டார். அட்டையைத் திருப்பிக் காட்டுவார். கைத்தொலைபேசி இருந்தால் அரசாங்கத்தின் அறநிறுவன இணையவாசலில் அந்தப் பெயரையும் அனுமதியையும் சரிபார்க்கலாம். போலீஸ் என்று சொல்லித் தொலைபேசியில் யாராவது காசை மாற்றிவிடச் சொன்னால் அது மோசடி. உடனே வைத்துவிடுங்கள். சந்தேகம் கேட்க 1799 என்ற எண் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

நம் வீட்டையும் பார்ப்போம்

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நெருக்கி வசூலிக்கும் பழக்கம் அயலாருக்கு மட்டும் சொந்தமல்ல. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் தேதி படைவீரர் கொடி நாள். நல்ல நோக்கம்தான். ஆனால் மாவட்டத்துக்கு இத்தனை என்று இலக்கு வைக்கும்போது அந்தச் சுமை கடைசியில் எளியவன் தலையில்தான் இறங்குகிறது.

நம் தோட்டத்தில் மட்டும் என்ன? சம்பள நாளன்று, கையில் காசு சூடாக இருக்கும்போதே திருவிழாப் புத்தகத்தை நீட்டியவர்கள் நாம். "பக்கத்து வீட்டில் நூறு போட்டாங்க" என்று சொல்லி, விதவைத் தாயிடம் ஐம்பது வாங்கியவர்களும் நாம்தான். கொடுக்காதவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லாமல் சொன்னவர்களும் உண்டு. சின்ன வயதிலிருந்தே அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, நாலு பேர் பார்க்க 'இல்லை' என்று சொல்லக் கூசுகிறது. அந்தக் கூச்சத்தைத்தான் தேக்காவில் ஒருவன் ஐம்பது வெள்ளிக்கு விற்றுக்கொண்டான்.

நாம் இரக்கத்தை விடச் சொல்லவில்லை. தோட்டத்து ஏழை கொடுத்த காசில் பள்ளிக்கூடம் எழும்பியிருக்கிறது, கோயில் எழும்பியிருக்கிறது. கொடுப்போம். நமக்குத் தெரிந்த இடத்துக்கு, நம்மால் முடிந்த அளவு, நாமே நினைத்துக் கொடுப்போம். ஒரு வெள்ளியானாலும் மனசோடு போட்டால் அது நன்கொடை.

அடுத்த மாதம் பாலம் தாண்டப் போகும் பிள்ளைக்குச் சோற்றுப் பொட்டலம் கட்டும்போது, தாய்மார்களே, ஒரு சொல்லையும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள்: "கேட்டுப் பார்த்துக் கொடுப்பா. பிடிக்கலேன்னா, 'இல்லீங்க'ன்னு சொல்லிட்டு நடந்து வா. அதுல ஒண்ணும் மானம் போகாது."