மரப் போர்க்கப்பல் எத்தனை ஆண்டு தாங்கும்?

18ஆம் நூற்றாண்டுப் போர்க்கப்பலுக்குப் பீரங்கியைவிடப் பெரிய எதிரி, மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைதான். பச்சை மரத்தில் அவசரமாகக் கட்டியவை சில ஆண்டுகளிலேயே பழுதுபார்க்க வந்து நின்றன. பிரிட்டனின் 'விக்டரி' எப்படித் தப்பியது? 1759இல் தொடங்கிய வேலை போர்ச் சூழல் மாறியதும் மெதுவானது. எலும்புக்கூடாக நின்ற ஓக் சட்டங்கள் நன்றாகக் காய்ந்தன. அந்தத் தாமதம் பெரும் பாக்கியம்!

அடுத்த பகை கப்பல் புழு. பெயர்தான் புழு, சிப்பியின் உறவு, ஓட்டால் மரத்தைக் குடையும். 1780இல் விக்டரியின் அடியில் செப்புத் தகடு அடித்தார்கள். புழு நுழையவில்லை. ஆனால் உப்புநீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் மின்கலம்போல் இரும்பு கரையும். இரும்பு ஆணிகள் இற்றன. அதனால் செம்புக் கலவை ஆணிகளுக்கு மாறினார்கள். 1800 முதல் 1803 வரை பெரிதாகப் புதுப்பித்த பிறகே, 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனைச் சுமந்தது விக்டரி.