காதைக் காப்பாற்றாத துப்பாக்கி வீரர் இல்லை!

2024-ம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயம் பிரான்சு நாட்டில் நடந்தது. துப்பாக்கி சுடும் போட்டிக்கு ஒரு துருக்கிக்காரர் வந்தார். பெயர், யூசுப் டிகெச். வயது 51.

மற்ற வீரர்கள் விசேஷக் கண்ணாடி, ஒரு கண்ணை மறைக்கும் தகடு என்று என்னென்னவோ மாட்டியிருந்தார்கள். இவரோ சாதாரண மூக்குக் கண்ணாடியோடு வந்தார். ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். மறு கையால் சுட்டார். ஆணும் பெண்ணும் சேர்ந்து சுடும் போட்டியில் அவருடைய ஜோடிக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது!

எந்தச் சாதனமும் இல்லாமல் ஜெயித்தார் என்று உலகம் முழுவதும் ஒரே பேச்சு.

அது முழு உண்மை அல்ல. அவர் படத்தை உற்றுப் பார்த்தால் தெரியும். காதுக்குள் சின்னஞ்சிறு அடைப்பான் இருக்கிறது. எதை விட்டாலும் அவர் அதை விடவில்லை.

இத்தனைக்கும் அவர் சுட்டது காற்றுத் துப்பாக்கி. அதில் வெடிமருந்து கிடையாது. சத்தமும் குறைவு. தோட்டா போட்டுச் சுடுகிறவர்களின் நிலை என்ன?

ஒரே ஒரு வேட்டு

சத்தத்தை அளக்கும் அளவுக்கு டெசிபல் என்று பெயர். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினால் சுமார் 60 டெசிபல்.

140 டெசிபலைத் தாண்டினால் ஒரே ஒரு வேட்டுகூடக் காதை நிரந்தரமாகக் கெடுத்துவிடலாம். தோட்டாத் துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்த எல்லையைத் தாண்டியவைதான். சில 170ஐத் தொடுகின்றன.

140க்கும் 170க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். கடைக்காரரின் எடைக்கல் கணக்கு இங்கே செல்லாது. 10 டெசிபல் கூடினால் சத்தத்தின் சக்தி 10 மடங்கு ஆகிறது. 20 கூடினால் 100 மடங்கு. 30 கூடினால் 1,000 மடங்கு!

பறக்கும் களிமண் தட்டைச் சுடுவதும் ஒரு போட்டி. புதுக்கோட்டை பிருதிவிராஜ் தொண்டைமான் 2024 ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது அதில்தான். அந்தத் துப்பாக்கியின் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும்.

சாய்ந்த பயிர் நிமிராது

காதின் உள்ளே நத்தைக் கூடு போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் சுமார் 15,000 நுண்ணிய மயிர் அணுக்கள் உள்ளன. சத்தம் வந்தால், காற்றில் நெற்பயிர் அசைவது போல அவை அசைகின்றன. மூளைக்குச் செய்தி போகிறது.

வேட்டுச் சத்தம் புயல் போல வருகிறது. பயிர் சாய்கிறது. மனிதனின் காதில் மறு நடவு கிடையாது. போன அணு போனதுதான்.

பெரிய சத்தம் வந்தால் காதை இறுக்கிக் காப்பாற்ற உள்ளே ஒரு குட்டித் தசை இருக்கிறது. ஆனால் அது விழித்துக்கொள்வதற்குள் வேட்டு முடிந்துவிடும்.

முதலில் போவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகள். கொலுசுச் சத்தம் கேட்காது. பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது கேட்கும். பேத்தியின் மழலை புரியாது. "கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை" என்று வீட்டில் மனத்தாங்கல் வரும். அவர் மேல் குற்றம் இல்லை. உண்மையிலேயே அவருக்குக் கேட்கவில்லை. சிலருக்கு இரவும் பகலும் காதில் "கொய்ங்" என்று ஒரு ரீங்காரம் இருந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு விசித்திரம். வலது தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுகிறவருக்கு இடது காதுதான் அதிகம் கெடுகிறது! குழலின் முனையை நோக்கி இருப்பது இடது காது. வலது காதை அவருடைய தலையே மறைத்துக்கொள்கிறது.

எதை வாங்குவது?

பஞ்சு போதாது. அது தடுப்பது மிகக் கொஞ்சம். 1907-ம் ஆண்டிலேயே ஜெர்மனியில் மாக்ஸ் நெக்வர் என்பவர் பஞ்சோடு மெழுகு சேர்த்து அடைப்பான் செய்தார். முதல் உலகப் போரில் சிப்பாய்கள் அதைப் பயன்படுத்தினார்கள்.

இன்று எளிதாகக் கிடைப்பது நுரை அடைப்பான். விலை குறைவு. ஆனால் சரியாகப் போட வேண்டும். பலர் செய்யும் தவறு இதில்தான்.

சுத்தமான விரல்களால் அதை மெல்லிய திரி போல உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, காது மடலை மேலும் பின்னும் இழுக்க வேண்டும். அப்போது துவாரம் நேராகும். அடைப்பானை உள்ளே செருகி, அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். அது உப்பி இடத்தை அடைத்துக்கொள்ளும். பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் பயனில்லை.

பெட்டியில் 30 என்றோ 33 என்றோ ஓர் எண் இருக்கும். அது சோதனைச் சாலையில் கவனமாகப் போட்டு அளந்த எண். அவசரமாகப் போடுகிறவருக்குப் பாதி கிடைத்தாலே அதிகம்.

காதை மூடும் கிண்ண உறை இன்னொரு வகை. மாட்டுவது சுலபம். ஆனால் மூக்குக் கண்ணாடியின் காம்பு இடையே நுழைந்தால் சந்து விழும்; சத்தம் உள்ளே புகும். அடர்ந்த கூந்தலாலும் அப்படி ஆகலாம். நீளத் துப்பாக்கி சுடுகிறவர்கள் தட்டையான கிண்ணமாகப் பார்த்து வாங்க வேண்டும். பருத்த கிண்ணம் துப்பாக்கிக் கட்டையில் இடித்து நகர்ந்துவிடும்.

ஒலிவாங்கி பொருத்திய உறையும் உண்டு. பயிற்சியாளர் பேசினால் கேட்கும்; வேட்டு வந்தால் அடங்கிவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மிகவும் வசதி. ஆனால் உலகப் போட்டிகளில் வீரர்கள் அதை அணிய விதி இடம் தருவதில்லை.

நான்கு சுவருக்குள் சுடும்போது சத்தம் எதிரொலித்துப் பெருகும். அங்கே அடைப்பான், உறை இரண்டையும் சேர்த்துப் போடுவதே சரி. 30-ம் 25-ம் சேர்ந்து 55 ஆகிவிடாது. கூடுதலாகக் கிடைப்பது சுமார் 5 டெசிபல்தான். ஒலி மண்டை எலும்பு வழியாகவும் உள்ளே போகிறது அல்லவா? ஆனாலும் அந்த 5 வீண் அல்ல.

வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கும் இதெல்லாம் வேண்டும். குழந்தைகளுக்கு அவர்கள் தலைக்குப் பொருந்தும் சிறிய உறை கிடைக்கிறது.

கர்ப்பிணிகள் மட்டும் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே குழந்தைக்குக் கேட்கும் சக்தி வந்துவிடுகிறது. தாய் உறை மாட்டிக்கொள்ளலாம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு யார் மாட்டுவது?