சாம் ஒரு நொடி பொறுத்திருந்தால்?

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ரசிகர்கள் நாலு பேர் கூடினால் ஒரு கேள்வி தப்பாமல் வரும். ராட்சதக் கழுகுகள்தான் இருக்கின்றனவே, அவற்றின் முதுகில் ஏறிப் பறந்துபோய் தீய சக்தி கொண்ட அந்த மோதிரத்தை அழிக்க எரிமலைக்குள் போட்டுவிட்டு வந்திருக்கலாமே, எதற்கு இத்தனை நடை? எனக்கு அலுத்துப்போன கேள்வி இது. கழுகு வந்திருந்தால் புத்தகம் மெலிந்திருக்கும், அவ்வளவுதான். 'இப்படி நடந்திருந்தால்?' என்கிற விளையாட்டில் ருசி வேறு இடத்தில் இருக்கிறது. அந்த உலகத்தின் விதிகளில் கை வைக்காமல், சின்னதாக ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

நாவலை எழுதிய டோல்கீனே இதை ஆடிப் பார்த்திருக்கிறார். மோதிரத்தைச் செய்த கொடுங்கோலன் சௌரானின் நாடான மோர்டோரின் எல்லையில், சிரித் உங்கோல் படிக்கட்டில் ஒரு காட்சி. ஹாபிட் என்ற சின்ன உருவ இனத்தைச் சேர்ந்த, மோதிரத்தை அழிக்கக் கொண்டுபோகும் ஃப்ரோடோவும் அவன் துணைவன் சாமும் அசந்து தூங்குகிறார்கள். அவர்களை ஷீலோப் என்ற ராட்சதச் சிலந்தியிடம் காட்டிக்கொடுக்கத் திட்டமிட்டிருக்கும் வழிகாட்டி, ஒரு காலத்தில் மோதிரத்தை வைத்திருந்து இழந்த கோல்லம், திரும்பி வருகிறான். தூங்குகிறவர்களைப் பார்த்ததும் அவன் கண்ணில் இருந்த வெறி அடங்குகிறது. தள்ளாத கிழவன் போல நடுங்கும் கையை நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். அந்த நேரம் பார்த்து சாம் விழித்துக்கொண்டு அவன் மேல் எரிந்து விழுகிறான். வந்த மனமாற்றம் வந்த வழியே போய்விடுகிறது.

சாம் கொஞ்சம் பொறுத்திருந்தால்? 1963-ல் வாசகி ஒருவருக்காக எழுதிய கடித வரைவில் டோல்கீன் இதற்கு விடை தேடுகிறார். கோல்லம் திருந்தியிருப்பான், ஆனால் முழுசாக அல்ல. ஃப்ரோடோ மேல் பாசம் ஒரு பக்கம், மோதிரத்தின் மேல் ஆசை ஒரு பக்கம் என்று கிடந்து தவித்திருப்பான். கடைசிக் கட்டத்தில் எப்படியும் மோதிரத்தைத் திருடியோ பிடுங்கியோ இருப்பான். கையில் கிடைத்த பிறகு, ஃப்ரோடோவுக்காகத் தானே நெருப்பில் குதித்திருப்பான்! நாவலிலும் கோல்லம் மோதிரத்தோடு நெருப்பில்தான் விழுகிறான், ஆனால் கால் தவறி. முடிவு அதேதான், அர்த்தம் தலைகீழ். கழுகுக் கட்சிக்காரர்களுக்கு இது தோன்றியிருக்குமா?

அதே கடிதம் 'இப்படி நடந்திருந்தால்?' என்று கதை பிரியும் இன்னொரு கிளையையும் தொடுகிறது. மோதிரம் ஃப்ரோடோவின் பக்கம் நிற்கும் மந்திரவாதி காண்டால்ஃப் கையில் போய்ச் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சௌரானைவிட மோசமாகியிருக்கும் என்கிறார் டோல்கீன். சௌரான் ஆண்டால் கெட்டது கெட்டதாகவாவது தெரியும். காண்டால்ஃப் உங்கள் நன்மைக்காகவே உங்களை ஆட்டிப்படைப்பார். நாளடைவில் நல்லது என்றாலே ஜனங்களுக்குக் குமட்டும்.

எனக்குப் பிடித்த கிளை நாவலின் பின்னிணைப்பில் ஒளிந்திருக்கிறது. கதைக் கணக்கில் மூன்றாம் யுகம் 2941, வசந்தம் தொடங்கும் வேளை. பிரீ என்ற ஊரில் காண்டால்ஃபும் குள்ளர்களின் தலைவன் தோரினும் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் 'தி ஹாபிட்' கதை கிளம்புகிறது, ஸ்மாக் என்ற டிராகன் அதே வருடம் சாகிறது. அன்றைக்கு இருவரில் ஒருவர் வேறு பாதையில் போயிருந்தால்? 78 வருடம் கழித்து சௌரானுக்கு எதிரான மோதிரப் போர் மூண்டபோது டிராகன் உயிரோடு இருந்திருக்கும். வடக்கில் டேல் நகரப் போரில் மன்னர்கள் பிராண்டும் டாயினும் உயிரைக் கொடுத்து எதிரியைத் தடுத்தார்களே, அங்கே தடுக்க ஆளே இருந்திருக்க மாட்டார்கள். தெற்கே கோண்டோர் நாடு ஜெயித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வடக்கு முழுக்கச் சாம்பலாக இருந்திருக்கும். போர் முடிந்த பிறகு காண்டால்ஃபே இதைச் சொல்கிறார்.

ரஷ்ய எழுத்தாளர் கிரில் எஸ்கோவ் 1999-ல் மோர்டோர் பக்கம் நின்று ஒரு நாவல் எழுதினார். அதில் மோர்டோர் அறிவியல் வளர்க்கும் நாடு, வென்றவர்கள் எழுதி வைத்ததே நாம் படித்த வரலாறு. சுவாரசியமான புத்தகம்தான். ஆனால் அவர் மாற்றியது ஒரு சம்பவத்தை அல்ல, சட்டதிட்டத்தையே. ஆகவே இந்த ஆட்டத்தில் அதைச் சேர்க்க மாட்டேன்.

டோல்கீன் கோபத்தில் எழுதிய கிளையும் ஒன்று உண்டு. நாவல் இரண்டாம் உலகப் போரின் உருவகம்தானே என்று கேட்டவர்களுக்கு, இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவர் சொன்ன பதில் அது. நிஜப் போரைப் பார்த்து எழுதியிருந்தால் மோதிரத்தை யாரும் அழித்திருக்க மாட்டார்கள். பறித்து, சௌரான் மேலேயே ஏவியிருப்பார்கள். அவன் கோட்டையை இடிக்காமல் பிடித்து வைத்துக்கொண்டிருப்பார்கள். குழப்பத்தோடு குழப்பமாக சரூமான் என்ற துரோகி மந்திரவாதி மோர்டோரில் புகுந்து, தனக்குத் தெரியாமலிருந்த மோதிர வித்தையைக் கற்றுக்கொண்டு, தனக்கென்று ஒரு மோதிரம் செய்து அவர்களோடு மோதியிருப்பான். இரண்டு தரப்புமே ஹாபிட்களை வெறுத்திருக்கும். அடிமைகளாகக்கூட அவர்கள் ரொம்ப நாள் பிழைத்திருக்க மாட்டார்கள்.