மணம் தோலில் இருக்கிறது: ஆரஞ்சு லிக்யூர்களை அறிந்து வாங்குவது எப்படி?

ஆரஞ்சுப் பழத்தின் சாறும் மணமும் ஒரே இடத்தில் இல்லை. சாறு சுளைக்குள் இருக்கிறது. மணமோ தோலின் மேற்பரப்பில், புள்ளி புள்ளியாகத் தெரியும் எண்ணெய்ப் பைகளில் அடைபட்டிருக்கிறது. தோலில் ஒரு துண்டை நறுக்கி, எரியும் தீக்குச்சிக்கு எதிரே இரு விரலால் மடித்து அழுத்தினால், பீய்ச்சியடிக்கும் எண்ணெய் தீயில் பட்டுப் பொறி பொறியாக வெடிக்கும். அடுத்த நொடி அறையெங்கும் ஆரஞ்சு மணக்கும். ஆரஞ்சு லிக்யூர் என்ற மதுவகை நம்பியிருப்பது இந்தச் சில துளி எண்ணெயைத்தான். அதன் மணமும் சுவையும் சாற்றிலிருந்து வருவதில்லை, தோலிலிருந்து வருகின்றன.

மார்கரிட்டா, சைடுகார், ஒயிட் லேடி, காஸ்மோபாலிட்டன், மை தாய் என்று புகழ்பெற்ற காக்டெயில்கள் பலவற்றில் ஆரஞ்சு லிக்யூர் இருக்கிறது. அதனால் வீட்டில் சிறியதாக ஒரு பார் அமைப்பவர் ஜின், ரம், டெக்கீலாவுக்கு அடுத்து தேடுவது இதைத்தான். கடைக்குப் போனால் குவாந்த்ரோ, கிராண்ட் மார்னியே, டிரிபிள் செக், ஆரஞ்சு குராசாவ், நீல குராசாவ் என்று வரிசையாக நிற்கும். எல்லாவற்றிலும் ஆரஞ்சுப் படம். விலையில் மட்டும் பெரிய இடைவெளி. டிரிபிள் செக், குராசாவ் ஆகிய பெயர்களைப் பல நிறுவனங்கள் தம் விருப்பப்படி பயன்படுத்துவதால், பெயரை வைத்துத் தரத்தை எடைபோட முடியாது. தோலின் எண்ணெயை எப்படி எடுத்தார்கள், எந்த மதுவில் கரைத்தார்கள், எவ்வளவு சர்க்கரை சேர்த்தார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் போதும். எந்தப் புட்டியையும் எடைபோட்டுவிடலாம்.

தீவில் விளைந்த கசப்பு

கதை கரீபியக் கடலில், வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் குராசாவ் தீவில் தொடங்குகிறது. 1499இல் அங்கே இறங்கிய ஸ்பானியர்கள், பிறகு தங்கள் நாட்டு ஆரஞ்சு மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். மழை குறைந்த வறண்ட மண் அது. பழம் சிறுத்தது, கசந்தது. ஆடுகள்கூட அதைத் தொடவில்லை என்று தீவில் சொல்வார்கள். மரங்கள் கைவிடப்பட்டு, காட்டுமரங்களாக நின்றன. லராஹா என்று பெயர்பெற்ற அந்தப் பழத்தின் தோலை வெயிலில் உலர்த்தினால் அருமையான மணம் வருகிறது என்பது பின்னாளில் தெரியவந்தது.

1634இல் தீவு டச்சுக்காரர்களின் கைக்குப் போனது. உலர்ந்த தோல் எடை குறைந்தது, எளிதில் கெடாதது, கப்பலேற்ற ஏற்றது. மதுவடிப்பில் தேர்ந்த டச்சுக்காரர்கள் அதை ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்து விற்ற பானம் தீவின் பெயரையே பெற்றது. 1862இல் ஜெரி தாமஸ் நியூயார்க்கில் வெளியிட்ட காக்டெயில் கையேட்டில் குராசாவ் பலமுறை இடம்பெறும் அளவுக்கு அது பரவியிருந்தது. தீவிலேயே அதைத் தயாரிக்கும் சீனியர் நிறுவனம் 1896இல் தொடங்கியது. இன்றும் அவர்கள் லராஹாத் தோலை உலர்த்திச் செப்பு வடிகலனில் வடிக்கிறார்கள்.

இனிப்பான பழங்கள் இருக்கக் கசப்பு ஆரஞ்சை ஏன் தேட வேண்டும்? பம்பளிமாசும் மாண்டரின் ஆரஞ்சும் கலந்து பிறந்ததுதான் கசப்பு ஆரஞ்சு என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதன் தோல் எண்ணெயில் பூமணம் கூடுதல். வாசனை ஆழமானது, சற்று வறண்டது. இனிப்பு ஆரஞ்சின் எண்ணெய் பிரகாசமானது, சாற்றை நினைவூட்டுவது, ஆனால் தனியாக இருந்தால் மிட்டாய் வாடை அடிக்கும். நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளி முகர்ந்தவருக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. நல்ல லிக்யூர்களில் பல இரண்டு தோலையும் சேர்த்தே செய்யப்படுகின்றன.

எண்ணெயைப் பிடிக்கும் கலை

ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கும் மேல் லிமோனீன் என்ற ஒரே வேதிப்பொருள். எஞ்சிய சிறு பங்கில் இருக்கும் டெக்கனால், ஆக்டனால், லினலூல் போன்றவையே ஆரஞ்சுக்கு அதன் தனி அடையாளத்தைத் தருகின்றன. இவை தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. ஆல்கஹாலில் தாராளமாகக் கரையும். தோலைச் செறிவான ஆல்கஹாலில் ஊறவைப்பது இதற்காகத்தான்.

ஆனால் ஊறும்போது எண்ணெய் மட்டும் இறங்குவதில்லை. தோலின் நிறமும், உள்பக்க வெள்ளைப் பஞ்சில் இருக்கும் நாரிஞ்சின் முதலிய கசப்புப் பொருள்களும் சேர்ந்தே இறங்குகின்றன. இந்த இடத்தில்தான் காய்ச்சி வடித்தல் கைகொடுக்கிறது. ஊறிய கலவையைச் செப்பு வடிகலனில் ஏற்றிச் சூடாக்கினால், ஆல்கஹால் ஆவியும் நீராவியும் எண்ணெயைக் கூடவே இழுத்துக்கொண்டு மேலேறும். லிமோனீன் தனியாகக் கொதிக்க 176 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆவியோடு சேரும்போது 100 டிகிரிக்குக் கீழேயே வந்துவிடுகிறது. கசப்புப் பொருள்களும் நிறமிகளும் ஆவியாகாமல் அடியிலேயே தங்கிவிடுகின்றன. எனவே மறுமுனையில் சொட்டுவது நீர்போலத் தெளிந்த, கசப்பே இல்லாத, மணம் மட்டும் நிறைந்த திரவம்.

வடிப்பவரின் திறமை தெரிவது எதை வைத்துக்கொள்வது என்ற முடிவில். முதலில் வருவதில் காரமான நெடி இருக்கும். கடைசியில் வருவதில் வேகவைத்த தோலின் வாடை இருக்கும். இரண்டையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் எடுத்து, தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்தால் லிக்யூர் தயார். மலிவான சில தயாரிப்புகளில் இந்த உழைப்பு இருப்பதில்லை. எண்ணெயையோ வாசனைச் சாற்றையோ வாங்கிக் கலந்துவிடுகிறார்கள். அதை மூக்கு எளிதில் கண்டுபிடிக்கும்: முதல் முகர்தலில் பளிச்சென்று இருக்கும், அடுத்த நிமிடம் எதுவும் மிஞ்சாது.

இரண்டு பெரிய குடும்பங்கள்

முதல் குடும்பம் நிறமற்ற டிரிபிள் செக். இதன் பிறப்பிடம் பிரான்சின் லுவார் ஆற்றுப் பகுதி. சோமூர் ஊரின் கொம்பியே நிறுவனம், 1834 முதலே தாங்கள் இதைச் செய்வதாக உரிமை கொண்டாடுகிறது. அருகிலுள்ள ஆன்ஜே நகரில் 1849இல் குவாந்த்ரோ சகோதரர்கள் தொடங்கிய வடிப்பாலையில், அடுத்த தலைமுறையின் எடுவார் குவாந்த்ரோ 1875இல் தன் ஆரஞ்சு லிக்யூரை உருவாக்கினார். சர்க்கரைவள்ளிக் கிழங்கல்ல, பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த சர்க்கரைக் கிழங்கிலிருந்து எடுத்த, தனக்கென்று சுவையில்லாத ஆல்கஹால்தான் இதன் அடிப்படை. அதனால் தோலின் மணம் எந்த மறைப்பும் இல்லாமல் வெளிப்படுகிறது. இனிப்புத் தோலும் கசப்புத் தோலும் சேர்ந்திருக்கின்றன. ஆல்கஹால் 40 சதவீதம்.

இரண்டாவது குடும்பத்தின் அடிப்படை பிராந்தி. 1880இல் லூயி அலெக்சாந்தர் மார்னியே லாப்போஸ்தோல் உருவாக்கிய கிராண்ட் மார்னியேதான் இதில் முதன்மையானது. 51 சதவீதம் காக்னாக் பிராந்தி, மீதி கசப்பு ஆரஞ்சு லிக்யூர். இதிலும் ஆல்கஹால் 40 சதவீதம். மரப்பீப்பாயில் முதிர்ந்த காக்னாக் தரும் வனிலா, உலர்பழ வாசனைகள் முன்னே வரும். ஆரஞ்சு அவற்றின் பின்னே நிற்கும். 19ஆம் நூற்றாண்டுக் குராசாவின் பாணியை மீட்டெடுக்கும் நோக்கில், மது வரலாற்றாளர் டேவிட் வோண்ட்ரிச்சின் துணையோடு வந்த பியேர் ஃபெரான் டிரை குராசாவும் இந்தக் குடும்பமே. தோலின் கசப்பு இதில் சற்றுத் தூக்கலாக இருக்கும்.

நீல குராசாவைத் தனிக் குடும்பமாகக் கருத வேண்டாம். நிறமற்ற குராசாவில் உணவுச் சாயம் கலந்ததே அது. சீனியர் நிறுவனமே நீலம், பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்று பல நிறங்களில் விற்கிறது. சுவை எல்லாவற்றிலும் ஒன்றுதான். 1957இல் ஹவாயில் ஹாரி யீ உருவாக்கிய புளூ ஹவாய் போன்ற பானங்களுக்கு அந்த நிறம் தேவை. அவற்றைச் செய்யாதவருக்கு நீலப் புட்டி வீண்செலவு.

எண்கள் சொல்வது என்ன?

லேபிளில் பிராண்டுக்கு முன் பார்க்க வேண்டியது ஆல்கஹால் சதவீதம். மலிவான டிரிபிள் செக்குகள் பெரும்பாலும் 15 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்கும். வலு குறைந்தால் கரைந்திருக்கக்கூடிய எண்ணெயும் குறையும். கண்ணாலேயே இதைப் பார்க்கலாம். ஒரு சிறு கோப்பையில் 40 சதவீத டிரிபிள் செக் கொஞ்சம் ஊற்றி, மேலே குளிர்ந்த தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பாருங்கள். தெளிவாக இருந்த திரவத்தில் பால்போல ஒரு மங்கல் படரும். ஆல்கஹால் நீர்த்ததும் இனிக் கரைந்திருக்க முடியாத எண்ணெய், நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிப்பதே காரணம். தோல் எண்ணெய் நிறைந்த லிக்யூரின் அடையாளம் அது.

காக்டெயிலில் இதன் விளைவைக் கணக்குப் போடலாம். டெக்கீலா 50 மி.லி., ஆரஞ்சு லிக்யூர் 20 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி. என்பது மார்கரிட்டாவின் ஏற்கப்பட்ட அளவு. மொத்தம் 85 மி.லி. டெக்கீலாவும் லிக்யூரும் 40 சதவீதமாக இருந்தால் கலவையில் ஆல்கஹால் 28 மி.லி., அதாவது ஏறக்குறைய 33 சதவீதம். லிக்யூர் 15 சதவீதமாக இருந்தால் 23 மி.லி., அதாவது 27 சதவீதம். ஐஸோடு குலுக்கும்போது இது இன்னும் நீர்க்கும். பானம் சப்பென்று இருக்கிறதே என்று லிக்யூரைக் கூட்டினால் கூடுவது சர்க்கரைதான். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சில விலக்குகள் தவிர, லிக்யூர் என்று பெயரிட லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை வேண்டும். பல தயாரிப்புகளில் அதைவிட மிக அதிகம்.

இந்த இனிப்பு ஒரு எச்சரிக்கையும்கூட. 40 சதவீத லிக்யூர் விஸ்கிக்கு நிகரான வலு கொண்டது. சர்க்கரை அதை நாக்குக்குத் தெரியாமல் மறைத்துவிடும். அளவுக்கோப்பையால் அளந்தே ஊற்றுங்கள்.

எதற்கு எது?

ஒரே புட்டிதான் வாங்கலாம் என்றால் 40 சதவீத, நிறமற்ற டிரிபிள் செக்கை வாங்குங்கள். மார்கரிட்டா, ஒயிட் லேடி, காஸ்மோபாலிட்டன் ஆகியவற்றில் ஜின், டெக்கீலா, வோட்கா எதுவானாலும் எலுமிச்சையின் புளிப்போடு மோதாமல் ஆரஞ்சைத் தெளிவாக ஒலிக்கவிடுவது அதுதான். சைடுகாருக்கும் அதுவே பொருத்தம். அதில் காக்னாக் ஏற்கெனவே இருப்பதால் லிக்யூரிலிருந்து நமக்கு வேண்டியது தோலின் கூர்மை மட்டும்.

இரண்டாவது புட்டிக்கு இடமிருந்தால் பிராந்தி அடிப்படையிலானதை வாங்கலாம். 1944இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜரான் உருவாக்கிய மை தாயில் முதிர்ந்த ரம்மும் பாதாம் சிரப்பும் இருக்கின்றன. அந்தக் கனத்துக்கு ஈடுகொடுக்க டிரை குராசாவின் கசப்பும் பிராந்தியும் தேவை. கிராண்ட் மார்னியேயை இரவு உணவுக்குப் பின் கலப்பின்றி அருந்தலாம். கிரேப் சுசெட் போன்ற இனிப்புகளிலும் அது அழகாகச் சேரும். வலு குறைந்த மலிவான டிரிபிள் செக், பழத்துண்டுகள் போட்டுப் பெரிய பாத்திரத்தில் கலக்கும் பஞ்ச் பானத்துக்குப் போதும்.

வலுவான லிக்யூர் எளிதில் கெடாது. குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. வெயிலும் வெப்பமும் படாத அலமாரியில் வைத்து, ஒவ்வொரு முறையும் புட்டியின் கழுத்தில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துவிட்டு மூடியை இறுக்குங்கள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் முதலில் போவது மணம். பாதிக்குக் கீழே போன புட்டியில் காற்று அதிகம். அதை வருடக்கணக்கில் சேமிக்காமல் பயன்படுத்தித் தீர்ப்பதே நல்லது.

எதை வாங்குவது என்ற குழப்பம் தீரவில்லையா? நண்பர்கள் இருவர் சேர்ந்து ஆளுக்கொரு வகை வாங்குங்கள். ஒரே அளவில், ஒரே எலுமிச்சையின் சாற்றில், இரண்டு சிறிய சைடுகார் செய்து அடுத்தடுத்துச் சுவையுங்கள். விலையும் விளம்பரமும் சொல்லாததை அந்த இரண்டு கோப்பைகளும் சொல்லிவிடும்; அடுத்த புட்டியை உங்கள் நாக்கே தேர்ந்தெடுக்கும்.