டிரெய்லர் டயர்களில் காற்றழுத்தம் காட்டும் கருவி

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் டிராக்டரும் டிரெய்லரும் ஓய்வின்றி ஓடும். பகலில் பாரம் ஏற்றி, இரவில் ஆலைக்குப் புறப்படுவோர் பலர். அவ்வேளையில் டிரெய்லரின் ஒரு டயரில் காற்று இறங்கினால் ஓட்டுபவருக்கு எளிதில் தெரியாது. டிராக்டரின் முன் சக்கரத்தில் காற்று குறைந்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். பின்னால் வரும் டிரெய்லரில் அத்தகைய குறிப்பு இல்லை. டயரின் ஓசையும் எஞ்சின் ஓசையில் அமுங்கிவிடும். டயர் வெடித்து, பாரம் சாய்ந்த பின்னரே விவரம் தெரிகிறது. இதனால் பொருளுக்கு மட்டுமின்றி உயிருக்கும் கேடு உண்டு.

காற்று குறைந்தால் நேர்வது என்ன?

பாரத்தைப் பெரிதும் தாங்குவது டயருக்குள் அடைபட்ட காற்றே ஆகும். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக மடங்கி விரிகிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வளைந்த இடம் சூடாவதைக் கண்டிருப்பீர்கள். அதுபோலவே பக்கச்சுவரும் சூடேறி, உள்ளிருக்கும் நைலான் இழைகள் ரப்பரை விட்டுப் பிரிந்து டயர் வெடிக்கிறது. இரட்டைச் சக்கரமானால் ஒன்றில் காற்று இறங்கியதும் அதன் பாரத்தையும் அடுத்த டயரே சுமக்கிறது.

கருவி இயங்கும் விதம்

வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் சிறிய சென்சார் ஒன்றைத் திருக வேண்டும். அது காற்றழுத்தத்தை அளந்து, ரேடியோ அலை மூலம் ஓட்டுபவரின் முன் உள்ள திரைக்கு அனுப்பும். அழுத்தம் குறைந்தால் ஒலி எழும். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களில் இவ்வசதி கட்டாயமாயிற்று. அங்கு வீட்டு டிரெய்லர் இழுத்துச் செல்வோர் தாமாகவே இதனை வாங்கிப் பொருத்துகின்றனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலையில் புதிய மாதிரி லாரிகளுக்கும் பெரிய டிரெய்லர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது.

அளவு அமைக்கும் முறை

காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளக்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் குறித்துள்ள பாரத்தையும் அதற்குரிய அழுத்தத்தையும் பார்த்து அடிக்கவும். உதாரணமாக, 25 டிகிரி செல்சியஸில் 60 பவுண்டு அடித்த டயர், உள்ளிருக்கும் காற்று 50 டிகிரியாகச் சூடேறினால் சுமார் 66 பவுண்டு காட்டும். இது இயல்பே. அந்நிலையில் காற்றைத் திறந்துவிட்டு 60-க்குக் கொண்டுவந்தால், மறுநாள் காலையில் 54 பவுண்டு மட்டுமே இருக்கும். ஆகவே சூடான டயரில் காற்றை இறக்கக் கூடாது. 60 பவுண்டு டயருக்குக் குறைந்த எல்லையை 52 என்ற அளவில் அமைக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

1. சென்சாரைத் திருகியபின் சோப்பு நீர் தடவி, வால்வில் கசிவு இல்லை என்று உறுதி செய்க.
2. ரப்பர் வால்வைவிட உலோக வால்வே சென்சாரின் எடையைத் தாங்க ஏற்றது.
3. நீளமான டிரெய்லரில் அலை திரையை எட்டாவிடில், இடையில் அலைபெருக்கி தேவைப்படும்.
4. டிராக்டரின் பின் டயரில் நீர் நிரப்பியிருந்தால் அதில் சென்சாரைப் பொருத்த வேண்டாம்.
5. சென்சாரின் பேட்டரியை அறுவடைப் பருவத்திற்கு முன்பே சோதிக்கவும்.

ஒலி எழுந்தால்

திடீரென பிரேக் அடிக்காமல் வேகத்தை மெல்லக் குறைத்து, சாலையை விட்டு இறுகிய தரையில் நிறுத்தவும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். காற்றில்லாமல் ஓடிய டயருக்கு அப்படியே காற்றடிப்பது ஆபத்து. கழற்றி உட்புறத்தைப் பார்த்த பின்னரே அடிக்க வேண்டும். அடிக்கும்போது டயரின் பக்கவாட்டில் நிற்கக் கூடாது.

கல் கிழித்தோ, பழுதாகியோ டயர் திடீரென வெடிப்பதை இக்கருவி முன்கூட்டிச் சொல்லாது. மெல்லக் காற்று இறங்குவதையே அது காட்டும். ஆகவே வெடிப்பு கண்ட டயரை மாற்றுவதும், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றாதிருப்பதும் இன்றியமையாதவை. வாடகை டிரெய்லரில் கரும்பு அனுப்பும் சிறு உழவர்கள், பாரம் ஏற்றுமுன் கேஜ் வைத்து எல்லா டயர்களையும், குறிப்பாக இரட்டைச் சக்கரத்தின் உள் டயரையும், அளக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. சில நிமிடங்களே ஆகும் இவ்வேலை, விளைந்த கரும்பையும் ஓட்டுபவரையும் பத்திரமாக ஆலைக்குச் சேர்க்கும்.