வாசலில் தெரியும் புற்றுநோய்

“எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடியைத் தினமும் சாப்பிட்டு வந்தால் புற்றுநோய் அண்டாது என்கிறார்களே, உண்மையா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கொரோனா காலத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கடைகளிலும் வாட்ஸ்அப்பிலும் இந்தப் பொடிகளுக்குக் கிடைக்கும் விளம்பரம் அப்படி.

உண்மையில்லை என்பது சுருக்கமான பதில். புற்றுநோயைத் தடுக்கும் என்று முறையான ஆய்வில் நிரூபணமான பொடியோ கஷாயமோ இதுவரை கிடையாது. ஆனால், ஏன் இல்லை என்பதற்கான விரிவான பதில் மிகச் சுவையானது.

நம் எதிர்ப்பு மண்டலத்துக்குக் கொல்லும் வலிமையில் குறையே இல்லை. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை நிறுத்தினால், நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் முழு உறுப்பையே அது அழித்துவிடக்கூடும். அவ்வளவு வலிமை இருந்தும் கடுகளவுக் கட்டியை ஏன் விட்டுவைக்கிறது? அது தாக்க வேண்டிய கட்டி என்று அடையாளம் தெரியாததுதான் முக்கியக் காரணம். புற்றுநோய் செல் வெளியிலிருந்து வந்த கிருமி இல்லை; நம் சொந்த செல். அதன் மரபணுக்களில் சில இடங்களில் எழுத்து மாறியிருக்கும், அவ்வளவுதான். அந்த மாற்றமும் செல்லுக்கு உள்ளே நடந்திருக்கும். வெளியே ரோந்து போகும் டி செல் என்ற வெள்ளை அணுவுக்கு உள்ளே புகுந்து பார்க்க வழியில்லை. பிறகு அது எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

ஏறக்குறைய எல்லா செல்களுக்குள்ளும் புரோட்டியசோம் என்ற இயந்திரம் இருக்கிறது. ஏழேழு புரதங்களால் ஆன நான்கு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பீப்பாய் வடிவம். பழையதாகிப்போன புரதமும், தப்பாக மடிந்த புரதமும் இதற்குள் போய்த் துண்டு துண்டாக வெளியே வரும். பெரும்பாலான துண்டுகள் மேலும் உடைந்து, புதுப் புரதம் கட்டப் பயன்படும். எட்டு முதல் பத்து அமினோ அமில நீளமுள்ள ஒருசில துண்டுகளுக்கு மட்டும் வேறு கதி. அவை எச்எல்ஏ என்ற புரதத்தின் தலையில் உள்ள பள்ளத்தில் பொருந்தி, அதோடு சேர்ந்து செல்லின் மேற்பரப்புக்கு வந்து நிற்கும். ஒரு செல்லின் மேல் இப்படிப் பல்லாயிரக்கணக்கான துண்டுகள் எந்நேரமும் காட்சிக்கு இருக்கின்றன.

ஒரு வீட்டில் இன்று என்ன சமையல் என்று தெரிந்துகொள்ள அடுப்படிக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வாசலில் வைத்திருக்கும் குப்பைக் கூடையே சொல்லிவிடும். வெங்காயச் சருகு கிடக்கும், வாழைக்காய்த் தோல் கிடக்கும், மீன் செதிலும் கிடக்கும். செல்லும் உள்ளே சமைத்த பண்டங்களின் நறுக்குகளை வாசலில் வைக்கிறது. கூடைதான் எச்எல்ஏ. வீட்டுக்கு ஆறு வகைக் கூடைகள் வரை உண்டு. மூன்று தாய்வழி வந்தவை, மூன்று தந்தைவழி. கூடைக்குக் கூடை பின்னல் வேறு. ஒன்றில் தங்கும் செதில் இன்னொன்றின் இடுக்கில் நழுவி விழுந்துவிடும். அதனால் ஒரே கழிவு என் வாசலில் தெரியும், உங்கள் வாசலில் தெரியாமலே போகும். தெருவோடு வரும் டி செல் எந்தக் கதவையும் தட்டாது, கூடையை மட்டும் பார்க்கும். வழக்கமான தோலும் சருகும் என்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அந்தத் தெருவிலேயே யாரும் சமைக்காத ஒன்றின் செதில் கிடந்தால் வீட்டையே இடித்துவிடும். செல் சவ்வில் துளையிட்டு, உள்ளே நொதிகளைச் செலுத்தி, அந்த செல்லைத் தானாகவே சாக வைத்துவிடும். விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு அந்நியத் துண்டுகள் இருந்தாலே இதற்குப் போதும்.

இந்தப் பார்வை எவ்வளவு கூர்மையானது என்பதற்கு 2016இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பர்க்கின் குழு செய்தது. பெருங்குடல் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிய ஒரு பெண். நுரையீரலில் ஏழு கட்டிகள். அவரது புற்றுநோய் செல்களில் கேராஸ் என்ற புரதம் கெட்டிருந்தது. செல்லை வளரச் சொல்லும் புரதம் இது. சுமார் 190 அமினோ அமிலங்கள் கொண்ட அதில் பன்னிரண்டாவதாக கிளைசின் இருக்க வேண்டும். அவருக்கு அங்கே அஸ்பார்டிக் அமிலம் இருந்தது. அந்த ஒரே மாற்றத்தால், வளரச் சொல்லும் கட்டளை ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. புரோட்டியசோம் நறுக்கிய ஒன்பது அமினோ அமிலத் துண்டில் மூன்றாவது இடத்தில் அந்த மாற்றம் வந்து உட்கார்ந்தது. அந்தத் துண்டு அவரிடமிருந்த ஒரு குறிப்பிட்ட எச்எல்ஏ வகையில் பொருந்தி வெளியே தெரிந்தது. அதை அடையாளம் கண்டுகொண்ட டி செல்களும் அவரது கட்டிக்குள்ளேயே இருந்தன, ஆனால் எண்ணிக்கை போதவில்லை. ஆய்வாளர்கள் அவற்றை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, 10,000 கோடிக்கும் மேல் திரும்பச் செலுத்தினார்கள். ஏழு கட்டிகளும் சுருங்கின.

ஒன்பது மாதம் கழித்து அவற்றில் ஒன்று மட்டும் மறுபடி வளர்ந்தது. வெட்டியெடுத்துப் பார்த்தபோது கேராஸ் மாற்றம் அப்படியேதான் இருந்தது. அதை வெளியே காட்டிய எச்எல்ஏ வகைதான் காணாமல் போயிருந்தது. அந்த மரபணு இருந்த ஆறாவது குரோமோசோம் பகுதியைப் புற்றுநோய் செல் இழந்திருந்தது. செதில் கிடந்த கூடையைத் தூக்கியெறிந்துவிட்டு, வேறு கூடைகளை வாசலிலேயே விட்டிருந்தது.

எல்லாக் கூடைகளையும் எறிந்துவிட்டால் இன்னும் பத்திரம்தானே என்று தோன்றலாம். அதற்கும் ஒரு காவல் இருக்கிறது. இயற்கைக் கொல்லி செல்கள் கூடைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கூடையே இல்லாத வீட்டைத்தான் சந்தேகப்படும். 1986இல் சுவீடனின் கிளாஸ் கேரேவும் சகாக்களும் இதை எலிகளில் காட்டினார்கள். எதைக் காட்டினாலும் ஒரு ஆபத்து, எதையும் காட்டாவிட்டால் இன்னோர் ஆபத்து. இந்த இரட்டைக் காவலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதே இல்லை.

புற்றுநோயிடம் வேறொரு வழியும் உண்டு. வாசலில் நிற்பவர் சோதிக்க வந்தவரின் தோளில் கைபோட்டு, “நம்ம வீடுதான்” என்று அனுப்பிவைப்பதுபோல, பிடி-எல்1 என்ற புரதத்தை அது மேற்பரப்பில் நிறுத்தும். அது டி செல்லின் பிடி-1 புரதத்தைத் தொட்டதும் டி செல் அடங்கிவிடும். நல்ல திசுக்களை டி செல்கள் அழித்துவிடாமல் இருக்க உடல் வைத்திருக்கும் ஏற்பாட்டையே புற்றுநோய் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

வரலாற்றை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 1891இல் நியூயார்க்கின் வில்லியம் கோலி நோயாளிகளுக்குக் கிருமியை ஏற்றிக் கட்டியைக் கரைக்க முயன்றார். சிலருக்குப் பலித்தது, ஏனென்று யாருக்கும் விளங்கவில்லை. 1970களில் கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் டி செல் எதைப் பார்க்கிறது என்பதை நிறுவி, 1996இல் நோபல் பெற்றார்கள். டி செல்லை அடக்கும் புரதங்களைத் தடுத்தால் அது மறுபடி வேலைக்கு வரும் என்று காட்டிய ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018இல் பெற்றார்கள்.

அந்தப் புரதங்களைத் தடுக்கும் மருந்துகள் பெரிய சாதனை. இரண்டு வகைகளைச் சேர்த்துப் பெற்ற, முற்றிய மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நோயாளிகளில் 43 சதவீதம் பேர் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். ஆனால், எல்லாப் புற்றுநோய்க்கும் மருந்து வந்துவிட்டதுபோல் எழுதப்படும் தலைப்புகளை நம்பாதீர்கள். வெயிலாலோ புகையிலையாலோ ஏராளமான மரபணு மாற்றங்கள் சேர்ந்த கட்டிகளில் அந்நியத் துண்டுகள் அதிகம். அங்கே இவை நன்றாக வேலை செய்கின்றன. கணையப் புற்றுநோயில் பெரும்பாலும் பலனில்லை. பக்கவிளைவும் உண்டு. கட்டவிழ்ந்த டி செல்கள் சிலருக்குக் குடலையும், தைராய்டையும், அரிதாக இதயத் தசையையும் தாக்குகின்றன. எதிர்ப்புச் சக்தியை உண்மையிலேயே கூட்டினால் இப்படியும் நடக்கலாம்.

எதைப் பிடிக்க வேண்டும் என்று டி செல்லுக்கே கற்றுக்கொடுக்கும் வழியும் உண்டு. 2023இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற நெக்ஸ்கார்19, ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சை. எச்எல்ஏ காட்சியை நம்பாமல், இன்னொரு வகை வெள்ளை அணுக்களான பி செல்களின் மேற்பரப்பில் எப்போதும் இருக்கும் சிடி19 புரதத்தை நேரடியாகப் பிடிக்கும்படி டி செல்கள் இதில் மாற்றப்படுகின்றன. அதனால் பி செல்களில் தோன்றும் ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டுமே இது பொருந்தும். நல்ல பி செல்களும் சேர்ந்தே அழியும்.

ஆகவே வாசகருக்குச் சொல்வது இதுதான். அடையாளம் தெரியாமல் நிற்கும் டி செல்லுக்கு எந்தப் பொடியும் அடையாளம் காட்டித் தராது. அந்தப் பணத்தைச் சேமியுங்கள். புகையிலையை விடுங்கள். வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். ஆறாத புண், காரணமில்லாத ரத்தப்போக்கு, குறையாத கட்டி என்று எதையாவது கண்டால், கஷாயம் குடித்துப் பார்ப்போம் என்று ஒரு மாதத்தைக்கூட வீணாக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.